மதகுச் சாவி

என் தம்பி இளையபெருமாள் பன்னிரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் ஒரு பைபிள். குடவாசல் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு நின்றான். செருப்பை ஜோடியாக வைக்கிற பழக்கம் அவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் போதையில் ஒற்றைச் செருப்போடு வருவான். மற்றதை மறுநாள் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"ஸ்தோத்திரம்ணே," என்றான்.

"இந்த வீட்ல அந்தப் பேருல யாரும் இல்ல," என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி நீலாம்பாள் சிரித்தது கேட்டது. அவன் கோபப்படவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்ப என் பேரு பவுல்ராஜ்ணே. ஞானஸ்நானம் எடுத்தப்ப வச்சது."

"அப்பா வச்ச பேருக்கு என்னடா கேடு?"

"பேருக்கு ஒரு கேடும் இல்லண்ணே. எனக்குத்தான் இருந்துச்சு."

பதிலைத் தயாராக வைத்திருந்தான். மனம் திரும்பினேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லோரிடமும் பதில் தயாராகவே இருக்கிறது. எங்கள் அப்பா எந்தக் கோயிலுக்கும் போனவரில்லை. நானும் அப்படித்தான். மாரியம்மன் கோயில் குறிகாரனை எந்த முகத்தோடு பார்ப்பேனோ, அதே முகத்தோடுதான் தம்பியின் பைபிளையும் பார்த்தேன். யாரையும் குறைத்துப் பார்க்கவில்லை. எல்லோரையும் ஒரே உயரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அவன் வந்ததில் என்ன ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு இரும்புத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கீழமணலூர். வயல்களுக்குத் தண்ணீர் வருவது மேற்கே தலைமதகு வழியாக. மிஞ்சியது போவது கிழக்கே வடிகால் மதகு வழியாக. இரண்டு மதகின் பலகையையும் திருகித் தூக்க ஒரே கைப்பிடிதான். முழங்கை நீளம், நுனியில் சதுரக் குழி. நாங்கள் அதைச் சாவி என்போம். என் தாத்தா காலத்தில் சாவி பண்ணைவீட்டில் இருந்தது. மதகு திறக்க வேண்டிய நாளில் தாத்தா பண்ணைவீட்டுக் கொல்லைப்பக்கம் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். காரியஸ்தர் அதைத் தரையில் போடுவார். கையில் கொடுக்கமாட்டார். தாத்தா குனிந்து எடுத்துக்கொண்டு போவார்.

பண்ணையின் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறி, எங்கள் தெரு ஆட்கள் தலைக்கு ஓரிரண்டு ஏக்கர் வாங்கிய பிறகு, எழுபத்திரண்டாம் வருடம், என் அப்பா பண்ணைவீட்டு முன்வாசல் வழியாகப் போனார். செருப்புக் காலோடு நின்றார். சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். மதகு பார்க்கிறவன் யாராக இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்து சாவி வாங்கிப் போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து மாட்ட வேண்டும். அன்று தொடங்கியது அந்த வழக்கம்.

அப்பாவுக்குப் பிறகு நான். ஊரில் வாத்தியாராக இருந்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். பாசனதாரர் சங்கத்துக்கு இருபத்தாறு வருடம் தலைவர். ஒரு தடவைகூட என்னை எதிர்த்து யாரும் நின்றதில்லை. 'வாத்தியார் சொன்னா சரி' என்றால் இந்த ஊரில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வயல் ஐந்து ஏக்கர்தான். அந்தச் சொல்தான் எங்கள் உண்மையான சொத்து.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மார்கழிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. சம்பா கதிர் முற்றி, பொங்கலுக்குள் அறுக்க வேண்டிய பயிர். வடிகால் மதகைத் தூக்கிவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும். அப்போது மதகு பார்த்தவன் வேதையன். சாவிக்காக வந்தான். ஆணியில் சாவி இல்லை. முதல் நாளே என் தம்பி அதைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய், பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுக் குடித்திருந்தான். தாத்தா குனிந்து எடுத்ததை, அப்பா நிமிர்ந்து வாங்கியதை, ஒரு குவார்ட்டருக்கு.

வேதையன் கடப்பாரையால் பலகையை நெம்பிப் பார்த்தான். நெஞ்சளவு தண்ணீரில் ஒரு பகல் முழுக்க நின்றான். கடப்பாரை வழுக்கி இரண்டு விரல் நசுங்கியதுதான் மிச்சம். மேலிடத்துப் பாசன ஆபீஸிலிருந்து வேறு சாவியோடு ஆள் வருவதற்குள் பயிர் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அறுபது ஏக்கர்.

ஊர் கூடி, சாவி எங்கே என்று கேட்டது. என்னைப் பார்த்துத்தான் கேட்டது. தம்பி விற்றது எனக்கு அதற்குள் தெரியும். உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டு ஆணிக்கு என்ன மரியாதை? "வெள்ளிக்கிழமையே வேதையன் வாங்கிட்டுப் போனான். திரும்பக் கொண்டாந்து மாட்டல," என்றேன். வேதையன் வாயைத் திறந்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. வாத்தியார் சொல்லியாயிற்று. சாவியைத் தொலைத்ததால் வேதையன் மதகு வேலையிலிருந்து நீக்கப்படுகிறான் என்று தீர்மானப் புத்தகத்தில் நானே எழுதினேன். பிறகு நடவுக்கும் அறுப்புக்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை. திருப்பூருக்குப் போனான். நான்காம் வருடம் அங்கேயே செத்தான். அவன் மனைவி செந்தாமரை இங்கேயே இருந்தாள். அதுவரை என்னை மாமா என்று கூப்பிட்டவள், அதன்பிறகு வாத்தியாரே என்றாள்.

தம்பியை அந்த வாரமே பஸ் ஏற்றி அனுப்பினேன். மேலிடம் கொடுத்த புதுச் சாவி எங்கள் ஆணியில் தொங்கியது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

இப்போது எனக்கு எழுபத்து நான்கு. ஆடியில் சங்கத் தேர்தல். என் மகன் வளவன், நன்னிலம் கோர்ட்டில் வக்கீல், எனக்குப் பிறகு தலைவராக நிற்பது என்று முடிவாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து வந்து நிற்கிறான் பவுல்ராஜ்.

வந்த நான்காம் நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லச் சொல்லியிருக்காருண்ணே பாஸ்டர்."

"எந்தக் கோர்ட்ல?"

"ஜெபவீட்லண்ணே."

குடவாசல் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. முன்பு உரக்கடைக் கிடங்காக இருந்தது. இப்போது அதில் ஞாயிற்றுக்கிழமை பாட்டும் கைதட்டலும். நடுவில் ஒவ்வொருவராக எழுந்து, நான் இன்ன பாவியாக இருந்தேன், கர்த்தர் என்னை இப்படி மீட்டார் என்று மைக்கில் சொல்வார்கள். அதற்குப் பெயர் சாட்சி. நாங்கள் மறைப்பதை எல்லாம் அவர்கள் மாலை போட்டுக் காட்டுகிறார்கள்.

"தாராளமா சொல்லு," என்றேன். "குடிச்சது, பொண்டாட்டி விட்டுட்டுப் போனது, ரோட்ல விழுந்து கெடந்தது, எல்லாம் சொல்லு. ஊருக்குத் தெரியாததா?"

"சாவியச் சொல்லணும்ணே."

நீலாம்பாள் குழம்பு ஊற்றிய கரண்டி அப்படியே நின்றது.

"உன் சாமிதான் மன்னிச்சுட்டாருங்கிறியே. அப்புறம் ஊருக்கு எதுக்குடா?"

"மன்னிச்சதாலதான்ணே வாயத் தொறக்க முடியுது. அதுக்கு முன்னாடி அதச் சொல்லணும்னா நான் குடிக்கணும். குடிச்சவன் சொன்னா எவன் நம்புவான்?"

"அந்தப் பொம்பளைகிட்டப் போயிச் சொல்லிட்டுப் போ. குத்தம் அவளுக்குப் பண்ணின, மன்னிப்பு மைக்குகிட்ட கேப்பியா?"

"போனேன்ணே. மொத நாளே போனேன். கொல்லையிலயே நிறுத்திட்டா. 'கெடுத்தது ஊரறியக் கெடுத்தீங்க. இப்ப எங்காதுக்குள்ள வந்து குசுகுசுங்காத. ஊரறியச் சொல்லு, வந்து கேக்குறேன்'னுட்டா. ஊர்க்கூட்டத்துல என்னைப் பேச விடுவாங்களாண்ணே? எனக்கு மைக்கு குடுக்குற எடம் அது ஒண்ணுதான்."

"என் பேரு?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "உங்க பேரு கெடாமச் சொல்லுவேன்ணே."

"அது எப்படிடா முடியும்?"

"ஜெபம் பண்ணிட்டிருக்கேன்."

எழுந்து கை கழுவினேன். இப்படிப்பட்ட ஆளோடு எதைப் பேசுவது? பழைய இளையபெருமாள் என்றால் அதட்டலாம், கன்னத்தில் ஒன்று வைக்கலாம். இவன் அடித்தாலும் ஸ்தோத்திரம் என்பான்.

வளவனிடம் போனில் சொன்னேன். "அப்பா, சித்தப்பாவ ரெண்டு மாசம் எங்கயாவது அனுப்பிருங்க. தேர்தல் முடியட்டும். அப்புறம் அவரு தமுக்கடிச்சே சொல்லட்டும்," என்றான். வக்கீல் யோசனை. அவனுக்கு விஷயம் எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை. அவனும் என்னிடம் கேட்டதில்லை.

அந்த வாரம் முழுக்கத் தம்பி காலையில் வாய்க்காலில் இறங்கினான். யாரும் சொல்லாமல், கூலி இல்லாமல், ஆகாயத்தாமரையைக் கொடி கொடியாக இழுத்துக் கரையில் போட்டான். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். "பவுலு, ஏசுநாதர் தண்ணிமேல நடந்தாராமே. நீ ஏன்யா முழுகிக் கெடக்குற?" என்றான் ஒருவன். "அவரு நடக்கட்டும்ணே. நான் களை எடுக்குறேன்," என்று இவன் சிரித்தான். நான் சைக்கிளில் போகிறபோது பார்த்தேன். முன்பெல்லாம் தேநீர்க் கிளாஸைப் பிடிக்க முடியாமல் நடுங்குகிற கை. இப்போது நடுங்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். கை நடுங்காமல் இருப்பது ஊரில் நூறு பேரால் முடிகிற காரியம். அதற்காக யாரும் மைக் பிடிப்பதில்லை.

சனிக்கிழமை நீலாம்பாள் கேட்டாள். "ஏங்க, நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"போறேன். அவன் என் பேரைச் சொன்னா, எந்திரிச்சு 'இது குடிகாரன் பேச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவேன். முடிஞ்சுது."

"முடிஞ்சிரும்," என்றாள். "போன தடவையும் ஒரு வார்த்தையில முடிச்சீங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமை நான் வீடு கூட்டுனேன். சாவி ஆணியில இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை கூட்டுனேன். இல்ல. நடுவுல வேதையன் நம்ம வாசல் பக்கமே வரல. பன்னெண்டு வருசமா இந்த ஆணிக்குக் கீழதானே படுத்து எந்திரிக்கிறேன்." சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனேன். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை. எல்லோரும் செருப்பைக் கழற்றி வெளியில் விட்டிருந்தார்கள். நானும் விட்டேன், மற்ற வீடுகளுக்குப் போனாலும் கழற்றுகிறவன்தான். ஒரு பெண் ஓடிவந்து, "வாங்கய்யா, கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பார்," என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தகரக் கூரையின் வெக்கையில் பாய்களில் அறுபது எழுபது பேர். பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள். நான் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள். என்னைப் பார்த்ததும் சிலர் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

பெண்கள் பக்கம் கடைசியில், முக்காடு போடாமல், சுவரில் சாய்ந்து செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி கேட்க வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். தலையை அசைக்கவில்லை.

சாட்சி தொடங்கியது. ஒருத்திக்கு முட்டிவலி போயிற்று. ஒருவனுக்கு சிங்கப்பூர் விசா வந்தது. ஒரு பையன் பத்தாம் வகுப்பில் தேறியிருந்தான். படித்தேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்தார்கள் என்றும் சொல்லவில்லை. எல்லாப் பெருமையும் மேலே போயிற்று. ஒவ்வொன்றுக்கும் கீபோர்டில் ஒரு இழுப்பு, ஓர் அல்லேலூயா. பாஸ்டர் சதீஷ் இளவயதுக்காரர். மேல்சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "அடுத்து சகோதரர் பவுல்ராஜ்," என்றார்.

தம்பி எழுந்து வந்தான். பைபிளைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு மைக்கைப் பிடித்தான். குடித்ததைச் சொன்னான். மனைவி போனதைச் சொன்னான். திருச்சி பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்தவனுக்கு யாரோ கஞ்சி கொடுத்து ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போனதைச் சொன்னான். கீபோர்டு மெதுவாக இழுத்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பி, "தம்பி, இதுக்கு வாசிக்க வேணாம்," என்றான். கீபோர்டு நின்றது.

"கீழமணலூர் மதகுச் சாவிய வித்தது நான்தான். வேதையன் இல்ல. அவரு அதத் தொடவே இல்ல. நான்தான் ஆணியிலேர்ந்து எடுத்துட்டுப் போயி எடைக்குப் போட்டேன்."

எங்கள் ஊர்ப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்தேன். என் வாக்கியம் தயாராக இருந்தது.

"மறுநாள் எங்க அண்ணன் சாவி எங்கடான்னு கேட்டாரு. வெள்ளிக்கிழமையே வேதையன் வாங்கிட்டுப் போயிட்டாருன்னு நான் பொய் சொன்னேன். எங்க அண்ணன் நேர்மையான மனுசன். அவரு என்னை நம்பிட்டாரு. நம்பித்தான் ஊருக்குச் சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. பாவம் என்னோடது. முழுசும் என்னோடது."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்," என்றார். முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். ஊர்க்காரர்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பரிதாபம் இருந்தது. ஐயோ, குடிகாரத் தம்பி வாத்தியாரை ஏமாற்றியிருக்கிறானே என்ற பரிதாபம்.

எல்லாம் சரியாகிவிட்டது. அவன் சொன்னது போலவே என் பெயர் கெடவில்லை. வேதையன் பெயரும் நேரானது. வளவன் தலைவராகலாம். நான் செய்ய வேண்டியது சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும்.

செந்தாமரையைப் பார்த்தேன். அவள் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் ஒரு சின்ன இகழ்ச்சி. வகுப்பில் காப்பியடித்த பையனை நான் பார்க்கிற பார்வை அது. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

என் வாழ்நாளில் இந்தத் தம்பி எனக்கு எதுவும் கொடுத்ததில்லை. வாங்கியிருக்கிறான், திருடியிருக்கிறான், வாந்தி எடுத்திருக்கிறான். முதல் தடவையாக ஒன்று கொடுக்கிறான். நான் முட்டாளாக இருந்தேன் என்று ஊருக்குச் சொல்லி, அந்த முட்டாள்தனத்தின் நிழலில் என்னை உட்காரவைக்கிறான். போதையில் உளறுகிறவன் சொன்னதை நான் நம்பினேனாம். காரியஸ்தர் தரையில் போட்டதைத் தாத்தா குனிந்து எடுத்தார். அவருக்கு வேறு வழி இல்லை. உரக்கிடங்கில் இவன் போடுவதை நான் குனிந்து எடுப்பதா?

எழுந்தேன். "அவன் பொய் சொல்றான்," என்றேன்.

வகுப்பறைக் குரல். மைக் தேவைப்படவில்லை. தம்பி நிமிர்ந்தான். "அண்ணே, வேணாம்ணே..."

"உக்காருடா. சாட்சி சொல்ல வந்தவன் சாட்சியில பொய் சொல்லாத. உன் புஸ்தகத்துலயே அது கூடாதுன்னு இருக்கு, அதையாவது படிச்சியா?" பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினேன். "இவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. சாவி எடைக்குப் போனது அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேதையன் பேரைச் சொன்னேன். இவன் சொல்லி ஏமாந்து போறவன் நான் இல்ல. தீர்மானம் எழுதுனதும் என் கைதான்."

பாஸ்டர் சதீஷ் பாய்களுக்கு நடுவே வேகமாக வந்தார். கண் கலங்கியிருந்தது. "அய்யாவையும் கர்த்தர் தொட்டார்! அல்லேலூயா!" என்று என் தலையில் வைக்கக் கையைத் தூக்கினார்.

"கைய எடுங்க தம்பி," என்றேன். "என்னை யாரும் தொடல."

கையை எடுத்துக்கொண்டார். அவர்மேல் குறை இல்லை. அவருக்குத் தெரிந்த வேலை அது.

செந்தாமரை சுவரைப் பிடித்து எழுந்தாள். சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். முதலில் தம்பியைப் பார்த்தாள்.

"உன் சாமி உன்னை மன்னிச்சிருச்சுன்ன. நல்லது, இருந்துட்டுப் போகட்டும். நான் இன்னும் மன்னிக்கல. ரெண்டையும் ஒண்ணா சேத்துக்காத."

"இல்லக்கா. சேத்துக்க மாட்டேன்," என்றான் அவன். அவன் அழுதுகொண்டிருந்தான். அதைத் துடைக்கவும் இல்லை.

பிறகு என்னிடம். "நல்லாப் பேசுனீங்க வாத்தியாரே. எந்தாளு அன்னைக்கு ரெண்டு வெரலு நசுங்கி வந்து, 'வாத்தியாரு எதோ மறந்து சொல்லிட்டாரு, நாளைக்கு ஞாபகம் வந்து சொல்லிடுவாரு'ன்னுச்சு. திருப்பூருல சாகுற மட்டும் அப்படித்தான் சொல்லிட்டுக் கெடந்துச்சு. உங்களுக்கு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துருக்கு."

வாசல் பக்கம் நடந்தவள் என் நாற்காலி அருகே நின்றாள்.

"இப்ப சாவி யாரு வூட்ல இருக்கு?"

"எங்க வீட்ல."

"இனிமே எங்க வூட்ல இருக்கட்டும்," என்றாள். "வேணுங்கறவங்க வந்து வாங்கிக்கட்டும்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூட்டத்தில் ஒருவருக்கும் அல்லேலூயா சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. வளவன் நன்னிலத்திலிருந்து போன் செய்தான். "அப்பா, பேசுனது பேசுனதா இருக்கட்டும். சாவிய மட்டும் குடுக்காதீங்க. தாத்தா முன்வாசல்ல போயி வாங்கிட்டு வந்ததுப்பா அது."

"அந்தச் சாவிய உன் சித்தப்பன் குடிச்சிட்டான். இது வேற சாவி," என்றேன்.

"ஆணி அதேதானேப்பா."

"ஆமா. அதுல பொய்ய மாட்டி வச்சது நான்."

நீலாம்பாள் சாவியை இறக்கி, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள். சைக்கிளில் வைத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். வேண்டாமென்று தோளில் வைத்துக்கொண்டேன். உச்சிவெயிலில் தெருவின் நீளம் முழுக்க நடந்தேன். தம்பி பின்னால் வந்தான்.

"நான் தூக்கியாறேன்ணே."

"நீ ஒரு தடவை தூக்கிட்டுப் போனது போதும். தள்ளிப் போடா."

தள்ளித்தான் வந்தான், பத்தடி பின்னால். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். யார் முகத்தையும் நான் தவிர்க்கவில்லை. செந்தாமரை வீட்டில் ஆணி இல்லை. சேலைக் கொடி கட்டுகிற கம்பியைக் காட்டினாள். மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, பழைய தீர்மானத்தின் கீழே இது பொய் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அடித்து மறைக்கவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். இரண்டும் படிக்க முடிகிறபடி இருக்கட்டும்.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்தது. வழக்கம்போல் பூவும் விதைநெல்லும் தூவினார்கள். சாவியை முதல் சுற்று திருகியது செந்தாமரை. ஆடியில் தேர்தல் நடந்தது, முதல் தடவையாக. வளவன் நின்றான். பரிதி என்ற பையனிடம் முப்பத்தொரு ஓட்டில் தோற்றான். இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அது அவன் பாடு. தகப்பன் பொய்யன் என்று தெரிந்தும் அந்தத் தகப்பன் பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்டுப் போனான். தோற்றதில் அவமானம் இல்லை, போனதில்தான் இருக்கிறது.

தம்பி இங்கேயே இருக்கிறான். வாய்க்கால் வேலைக்குப் போகிறான். செந்தாமரை வீட்டுக் கூரையைப் போட்டுக்கொடுக்கிறேன் என்று கேட்டுப் போனான். ஆள் வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டான், மறுபடி அனுப்பினாள். மறுபடி கேட்பான் என்று நினைக்கிறேன். மாலையில் வந்து எங்கள் வீட்டில் சாப்பிடுகிறான். சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடி முணுமுணுக்கிறான். "சோறு ஆக்குனவ இங்க நிக்கிறா, அவளுக்குச் சொல்லு," என்பேன். "அண்ணிக்கும் சேத்துத்தாண்ணே," என்பான். பதில் இன்னும் தயாராகத்தான் இருக்கிறது.

ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலையிலிருந்து மழை. என் வயலில் நட்டு இருபது நாள் ஆன பயிர் முழுகிக் கிடந்தது. மதகு பார்க்கிற பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். தம்பியை அனுப்பலாம்; அவன் கையில் அவள் கொடுக்கமாட்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

செந்தாமரை மீன் அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றேன். அந்த வீட்டுக்கு முன்வாசல், கொல்லை என்று இரண்டு கிடையாது. இருப்பது ஒரே வாசல்.

"வடிகால் தூக்கணும். சாவி வேணும்," என்றேன்.

"இருங்க வாத்தியாரே. கையெல்லாம் கவுச்சி," என்றாள். அவசரமே இல்லாமல் மீனை அலசி முடித்தாள். தண்ணீரைக் கொட்டினாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். குடை ஓரத்திலிருந்து என் தோளில் மழை வடிந்துகொண்டிருந்தது. உள்ளே போனாள். இரும்பு கம்பியிலிருந்து கழல்கிற சத்தம் கேட்டது. தரையில் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் எழுபத்து நான்கு வயது முதுகு எவ்வளவு தூரம் குனியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"புடிங்க, கனமா இருக்கு," என்று கையில் கொடுத்தாள். "பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து மாட்டிடணும்."

வடிகாலைத் தூக்கிவிட்டு, மூன்று மணிக்கே கொண்டுபோய் மாட்டினேன்.